அசுத்தக் கொட்டிலில் தீவனம் எங்கே போகிறது?

பன்றிப் பண்ணையின் செலவில் பாதிக்கும் மேல் தீவனத்துக்கே போகிறது. ஆகவே எந்தப் பண்ணையாளரும் தீவனத்தின் விலையையும் அது இறைச்சியாக மாறும் விகிதத்தையும் கூர்ந்து பார்ப்பார். ஆனால் கொட்டிலைக் கழுவும் கூலியை அதே கணக்கில் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. அசுத்தமான கொட்டிலில் வளரும் பன்றி, நோயின் அறிகுறி எதுவும் வெளியே தெரியாத நிலையிலும் எடை கூடுவதில் பின்தங்கிவிடுகிறது. குறைவாகத் தின்பது அதற்கு ஒரு காரணம் மட்டுமே. தின்றது உடலுக்குள் வேறு வேலைக்குத் திருப்பப்படுவது மற்றொன்று.

சாணமும் சிறுநீரும் தேங்கிய தரையிலிருந்து எழும் அம்மோனியாவும் தூசியும் மூச்சுப்பாதையின் உட்பரப்பைப் புண்படுத்துவதால், நுண்ணுயிரிகள் நுரையீரலை எளிதில் எட்டுகின்றன. அவற்றை எதிர்கொள்ளும் நோயெதிர்ப்பு அணுக்கள் வெளியிடும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்கள் பசியைக் குறைக்கின்றன, தசைப் புரதத்தைச் சிதைக்கின்றன. கல்லீரலையும் ஹாப்டோகுளோபின் போன்ற அழற்சிக்காலப் புரதங்களை மிகுதியாக உற்பத்தி செய்யத் தூண்டுகின்றன. இப்புரதங்களில் ட்ரிப்டோஃபான், ஃபீனைல்அலனின் போன்ற அமினோ அமிலங்களின் (புரதத்தின் கட்டுமானக் கூறுகளின்) பங்கு தசைப் புரதத்தில் இருப்பதைவிட அதிகம் என்பதால், ஒரு கிராம் அழற்சிப் புரதத்தை ஆக்க ஒரு கிராமுக்கும் கூடுதலான தசையைக் கரைக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, அழற்சியின்போது ட்ரிப்டோஃபானின் ஒரு பகுதி கைனூரெனின் என்ற வேறு சேர்மமாகச் சிதைந்து போகிறது. குடலின் சளிப்படலத்தைப் புதுப்பிக்கத் திரியோனின் என்ற அமினோ அமிலமும் கூடுதலாகச் செலவாகிறது. பண்ணையாளர் தசைக்கென்று விலை கொடுத்து வாங்கிய புரதம் இப்படித்தான் கரைகிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. குறைந்த தீவனத்தில் நன்கு வளரும்படித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பன்றிக்கு, இத்தகைய நெருக்கடியில் செலவிடக் கையிருப்பு இருக்குமா? வளர்ச்சிக்கே எல்லாவற்றையும் ஒதுக்கிய உடல் நோயெதிர்ப்புக்கு எதையும் மிச்சம் வைக்காது என்ற வாதம் கால்நடை மரபியலில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பிரான்சின் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதைச் சோதிக்கத் தோதான பன்றிகளை வைத்திருந்தது. ஒரு பன்றியின் எடைக்கும் வளர்ச்சிக்கும் தேவைப்படும் என்று கணக்கிடப்படும் தீவனத்துக்கும், அது உண்மையில் தின்னும் தீவனத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு, லார்ஜ் ஒயிட் இனத்தில் சிக்கனமான மரபுவழி ஒன்றும் அதற்கு எதிரான மரபுவழி ஒன்றும் அங்கே உருவாக்கப்பட்டிருந்தன. இவ்விரு மரபுவழிகளையும் சேர்ந்த 160 பன்றிகளில் பாதியைச் சுத்தமான கொட்டிலிலும் பாதியை அசுத்தமான கொட்டிலிலும் 6 வாரம் வளர்த்த ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. அசுத்தம் வளர்ச்சியைக் குறைத்தது எதிர்பார்த்ததே. ஆனால் சிக்கனமற்ற பன்றிகளே அதிகம் பாதிக்கப்பட்டன. நுரையீரல் அழற்சிப் புண்களும் அவற்றிடமே மிகுந்திருந்தன.

இதை நான் முக்கியமான முடிவாகக் கருதுகிறேன். சிக்கனமான பன்றி நோயெதிர்ப்பைப் பட்டினி போட்டு வளர்வதில்லை என்பதையே இது காட்டுகிறது. அது குறைவாக நடமாடுகிறது, குறைந்த வெப்பத்தை வெளியிடுகிறது. உடலைப் பராமரிக்கும் அன்றாடச் செலவு குறைவாக இருப்பதால், திடீர்த் தேவைக்குத் திருப்பிவிட அதனிடம் ஊட்டம் எஞ்சுகிறது என்பது என் விளக்கம். ஒரே இனத்தின் இரண்டு மரபுவழிகளில் கண்டதை எல்லா இனங்களுக்கும் நீட்டக் கூடாது என்பதும் உண்மை.

தீவனத்தின் பக்கமிருந்தும் ஓரளவு ஈடுகட்டலாம். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முந்தைய தொகுதிப் பன்றிகளின் கழிவு அகற்றப்படாத கொட்டில்களில் பன்றிகளை வளர்த்து, மெத்தியோனின், திரியோனின், ட்ரிப்டோஃபான் ஆகிய மூன்று அமினோ அமிலங்களையும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அசுத்தச் சூழலில் இருந்த பன்றிகளின் தீவனத் திறன் அதனால் மேம்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சியூக்கியாக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை 2006 முதல் தடை செய்துவிட்ட நிலையில் இத்தகைய வழிகளின் மதிப்பு கூடியிருக்கிறது. எனினும் கூடுதல் அமினோ அமிலம் தொகுதிதோறும் வாங்க வேண்டிய பொருள். அம்மோனியாவையோ கிருமிகளையோ அது தொடுவதில்லை. ஒரு தொகுதிப் பன்றிகள் முழுவதும் வெளியேறிய பின் கொட்டிலைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, நன்றாக உலரவிட்ட பிறகே அடுத்த தொகுதியை ஏற்றும் முறைக்கு ஆகும் செலவைத் தீவனச் செலவின் பத்தியிலேயே எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.