வெயில் காலத்து ஒரு பாட்டில் தண்ணிய வச்சு ஆத்துக்கு சர்டிபிகேட் குடுக்காதீங்க

ஆபீஸ்ல ஒரு தம்பி, தினமும் மாரிக்குப்பம் ட்ரெயின்ல தங்கவயல்லேர்ந்து பெங்களூரு வந்து போறவன் (அதுல சீட்டு பிடிக்கிறது தனி வித்தை), கேட்டான்: "அண்ணா, மூடின சுரங்கத்துக்குப் பக்கத்து ஆத்துத் தண்ணியில மெட்டல் எல்லாம் லிமிட்டுக்குள்ளன்னு லேப் ரிப்போர்ட் சொன்னா, அப்புறம் அந்த மெட்டல் எவ்வளவு, எங்க போகும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போடுற மாடல் எதுக்கு?"

தங்கவயல் சுரங்கத்த 2001ல மூடினாங்க, சயனைடு போட்டு தங்கம் எடுத்தப்புறம் கொட்டின கழிவு மேடு இன்னும் நிக்குது. ஆனா அங்க ஓடையே மழைக்குத்தான் ஓடும், அதனால கந்தகம் அதிகமா இருக்குற மத்த சுரங்கங்கள எடுத்துக்குறேன். ஆள் போனாலும் உள்ள இருக்குற பைரைட்டு (இரும்பும் கந்தகமும் சேந்த கல்லு) காத்தும் தண்ணியும் பட்டுப்பட்டு ஆசிட் ஆயிட்டே இருக்கும், அந்த ஆசிட் துத்தநாகம், ஈயம், காட்மியம் எல்லாத்தையும் கரைச்சு ஆத்துல விடும். ஸ்பெயின்ல ரியோ டின்டோ ஆத்துத் தண்ணியோட பிஎச் (7க்கு கீழ எறங்க எறங்க ஆசிட் ஜாஸ்தி) இன்னைக்கும் 2 கிட்டத்தான்.

இப்போ கணக்கு, இது சும்மா ஒரு உதாரணம். கோடையில லிட்டருக்கு 500 மைக்ரோகிராம் துத்தநாகம், ஆத்துல செகண்டுக்கு 2 கன மீட்டர் தண்ணின்னா ஒரு நாளைக்கு 86 கிலோ போகுது. மழையில தண்ணி 20 ஆகி துத்தநாகம் 200க்கு எறங்கிடுச்சு, ரிப்போர்ட்ட பாத்தா "ஆஹா, கொறஞ்சிருச்சு"ன்னு தோணும், ஆனா போறது 345 கிலோ, நாலு மடங்கு! இதுல கோடை முழுக்க கழிவு மேட்டு மேல காஞ்சு படிஞ்ச உப்பெல்லாம் மொத மழையில ஒரேயடியா கரைஞ்சு வர்றத சேர்க்கவே இல்ல.

அடுத்து சேறு. 2015ல கொலராடோவுல கோல்டு கிங் சுரங்கத் தண்ணி உடைச்சிட்டு வந்து அனிமாஸ் ஆறே மஞ்சளாச்சுல்ல, கலர் சீக்கிரம் போயிடுச்சு, மெட்டல் போகல, அடியில படிஞ்சது அடுத்த வருஷம் பனி உருகின தண்ணியில மறுபடி கெளம்புச்சு.

எனக்கு கடுப்பாகுற எடம் இதுதான். வாஸ்ப் (WASP), ஃப்ரீக்சி (PHREEQC)ன்னு ரெண்டு மாடல் சாஃப்ட்வேர், ரெண்டுமே ஃப்ரீயா கெடைக்குது, எறக்கி வேற ஏதோ ஆத்துப் பேப்பர்லேர்ந்து கேடி (Kd, மெட்டல் தண்ணியில இருக்குறதுக்கு எத்தனை மடங்கு மண்ணுல ஒட்டுதுங்கற அளவு) மதிப்பு ஒண்ணே ஒண்ண எடுத்து எல்லா மெட்டலுக்கும் எல்லா சீசனுக்கும் போட்டு ஓட்டிடுறாங்க. ஈயம் சட்டுனு மண்ணோட ஒட்டிக்கும், துத்தநாகம் கரைஞ்சபடியே ரொம்ப தூரம் போகும், பிஎச் ஏறினா அதுவும் ஒட்டும், ஆனா ஆர்சனிக் அப்படியே உல்டா, பிஎச் ரொம்ப ஏறினா மண்ண விட்டுட்டு தண்ணிக்கு வந்துடும். சுண்ணாம்பு கொட்டிட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றவங்க இத யோசிக்கவே மாட்டாங்க.

அதனால மொத மழைக்கே போங்க, 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டின தண்ணி ஒண்ணு (கரைஞ்ச மெட்டலுக்கு), வடிகட்டாதது ஒண்ணு (மண்ணுல ஒட்டி வர்றதையும் சேத்து), கொஞ்சம் அடிச்சேறு, அந்த எடத்துலயே பாத்த பிஎச், அன்னைக்கு ஓடின தண்ணியோட அளவு, எல்லாம் வேணும். ஃப்ளோ இல்லாம வெறும் கான்சன்ட்ரேஷன் மட்டும் அனுப்பினா அந்த எக்செல்ல நான் தெறக்கவே மாட்டேன்.