செருப்புத் தைப்பவர் எப்போது பாடினார்?

நாட்டுப்புறக் கதைகளைப் புத்தகம் பார்க்காமல் சொல்லிப் பழக வேண்டும் என்று இறங்கி ஐந்து வாரம் ஆகிறது. காசைவிடப் பெரியது ஒன்று உண்டு என்று சொல்லும் கதைகளில் மூன்றைப் பொறுக்கிக்கொண்டேன். சொல்வதை ஃபோனில் பதிவு செய்கிறேன். கேட்பது அக்கா மகள்.

முதலில் செருப்புத் தைப்பவர் கதை. பாடிக்கொண்டே வேலை செய்கிறவருக்குப் பக்கத்து வீட்டுப் பணக்காரர் நூறு காசு கொடுக்கிறார். அன்றிலிருந்து பூனை நடந்தாலும் திருடனோ என்று பதற்றம். தூக்கமும் போச்சு, பாட்டும் போச்சு. கடைசியில் காசைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். 1678இல் லா ஃபோன்தேன் என்ற கவிஞர் பிரெஞ்சில் செய்யுளாக்கிய கதை இது.

முதல் பதிவு 11 நிமிடம். முழுக்கக் கேட்டுவிட்டு, "மாமா, அவர் எப்போ பாடினார்?" என்றாள். "சந்தோஷமாகப் பாடுவார்" என்று ஒரே வரியில் தாண்டியிருந்தேன்! மறுநாள் மேசையில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே எனக்குத் தெரிந்த ஒரே மெட்டை முனகினேன் (என் குரலுக்கு அதுவே அதிகம்). காசு வந்ததும் முனகலை நிறுத்திவிட்டு வெறுமனே தட்டினேன். அவள் என் வாயையே பார்த்தாள். கவலை, துக்கம் என்று நான் அடுக்கியிருந்த வரிகள் எதுவும் அதற்கப்புறம் தேவைப்படவில்லை. 6 நிமிடத்தில் முடிந்தது.

அடுத்தது உப்புக் கதை. உலகக் கதை வகை அட்டவணையில் இதற்கு 923ஆம் எண். அப்பாவை உப்பைப் போல நேசிக்கிறேன் என்ற மகளை ராஜா விரட்டிவிடுகிறார். பின்னாளில் உப்பில்லாத விருந்தில் உட்காரும்போதுதான் அவருக்கு உறைக்கிறது. நான் சொதப்பியது வேறிடத்தில். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்ற பழமொழியைத் தொடக்கத்திலேயே உளறிவிட்டேன். விருந்து வருவதற்குள் அவள் கொட்டாவி விட்டாள். இப்போது பழமொழியே கிடையாது. ராஜா ஒரு வாய் மெல்கிறார், அடுத்த தட்டை இழுக்கிறார், அதையும் நகர்த்துகிறார்.

மூன்றாவது இன்னும் படியவில்லை. நோய் தீர, சந்தோஷமான மனிதனின் சட்டை வேண்டும் என்று ராஜாவின் ஆட்கள் தேடி அலைகிறார்கள். ஒருவழியாக ஆள் கிடைக்கிறான், அவனிடம் சட்டையே இல்லை. அந்தக் கடைசி வரிக்கு முன் ஒரு நொடி நிறுத்த வேண்டும். நான்கு முறை முயன்றும், எனக்கே சிரிப்பு முந்திக்கொள்கிறது.