வெளி ஒயரை முதல்ல கழட்டணும்

பெங்களூர்ல எங்க அல்சூர் வீட்டு லேண்ட்லைன் போன மாசம் வரைக்கும் செம்புக் கம்பியிலதான் ஓடிட்டு இருந்துச்சு, ஃபைபருக்கு மாத்திக்கலாம் நம்பர் அதேதான் இருக்கும்னு சொன்னதும் அப்பா சரின்னுட்டார். நம்பர் போகக்கூடாது, அது ஒண்ணுதான் அவர் கண்டிஷன். 7 இலக்கமா இருந்து முன்னாடி ஒரு 2 சேர்ந்து 8 ஆன நம்பர் அது, சேலத்து சித்தியிலேருந்து கேஸ் சிலிண்டர் போடுறவர் வரைக்கும் எல்லாருக்கும் மனப்பாடம்.

மாட்ட வந்த பையன் மாடி ரூம்ல ஜன்னல் பக்கம் ஓஎன்டி பாக்ஸை, அதான் ஃபைபர் வந்து சேர்ற டப்பாவை வச்சான், அதுல டெல்னு போட்டிருக்கிற ஓட்டையில ஒரு போனைச் சொருகி டயல் டோன் கேக்க வச்சான், கையெழுத்து வாங்கிட்டு போயிட்டான். மாடியில போன் அடிச்சா கீழ இருக்கிற 79 வயசு மனுஷன் எப்படி ஓடிப்போய் எடுப்பாரு? எங்க வீட்டுல மூணு போன். ஹால்ல கறுப்பு டயல் போன், சமையல்கட்டுல சுவர்ல தொங்குறது ஒண்ணு, மாடியில பட்டன் போன். கார்ட்லெஸ் வாங்கிடலாம்ப்பான்னேன். அப்பா பதிலே சொல்லல, ஹால் போனைத் துணியால துடைச்சிட்டு இருந்தார். சொல்ல மறந்துட்டேன், அவர் தூரவாணிநகர் ஐடிஐல, அதாவது இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். 1948ல ஆரம்பிச்ச ஃபேக்டரி, நாடு முழுக்க வீட்லயும் ஆபீஸ்லயும் இருந்த டயல் போன் எக்கச்சக்கம் அங்கேருந்து போனதுதான். அந்தக் கறுப்பு போனும் அங்க செஞ்சதுதான், அதை ஷோகேஸ்ல வைங்கன்னு அவர்கிட்ட யார் சொல்றது.

எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டா, "அக்கா, இந்தப் பழைய ஒயரெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு புதுசா இழுத்துடலாம், கேசிங் எல்லாம் சேத்து ஆறாயிரம் ஆகும்"ங்கிறான். அப்பதான் அப்பா வாயைத் திறந்தார். "எதுக்கு ஒயர் மாத்தணும்? எக்ஸ்சேஞ்சிலேருந்து வந்தா என்ன, பாக்ஸ்லேருந்து வந்தா என்ன, போனுக்குத் தெரிஞ்சது ரெண்டு கம்பிதான்."

யோசிச்சுப் பார்த்தா விஷயம் அவ்ளோதான். வீட்டுக்குள்ள இருக்கிற போன் பாயின்ட் எல்லாம் பேரலல், ஒரே ஜோடி கம்பிதான் எல்லா ரோசெட்டுக்கும் (சுவர்ல போன் சொருகுற சின்ன டப்பா) போகுது. அதனால எந்த ரோசெட் வழியா டோனை உள்ள விட்டாலும் மத்த எல்லாத்துலயும் வந்துடும். மாடியில பாக்ஸ் பக்கத்துலயே ஒரு ரோசெட் இருக்கு, ரெண்டு பக்கமும் ஆர்ஜே 11ங்கிற போன் பின் இருக்கிற ஒயர் ஒண்ணை எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற எஸ்பி ரோட்ல வாங்கி, ஒரு முனையை பாக்ஸ்லயும் இன்னொண்ணை ரோசெட்லயும் சொருகினா வீடு முழுக்க போன் வேலை செய்யணும். நான் நேரா அதைத்தான் செஞ்சேன், செஞ்சிட்டு ஹால் போனை எடுத்துக் காதுல வச்சா கர்ர்ருனு ஒரு இரைச்சல், டோனைக் காணோம்.

அப்பாகிட்ட சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வெளி ஒயரைக் கழட்டினியா?"

கழட்டலை. வராண்டாவுல மீட்டர் போர்டு பக்கத்துல இருக்கிற முதல் ரோசெட்ல, தெருக் கம்பத்துலேருந்து வர்ற ட்ராப் ஒயர் அப்படியேதான் இருந்துச்சு. அது இருக்கிற வரைக்கும் நம்ம குட்டி பாக்ஸ் நம்ம வீட்டு ஒயரோட சேத்து தெருவுல பூமிக்கு அடியில எங்கயோ தண்ணில ஊறிக்கிட்டு இருக்கிற பழைய கேபிளையும் இழுக்க வேண்டியிருக்கு. அதைவிட மோசம், பழைய லைன்ல எக்ஸ்சேஞ்ச் இன்னும் கரன்ட் விட்டுட்டு இருந்தா அந்த 48 வோல்ட்டும் பாக்ஸோட வோல்ட்டும் மோதி பாக்ஸ்ல போன் போர்ட்டே போயிடலாம். அதனால யாராவது இதைப் பார்த்து செய்யப்போறீங்கன்னா வெளி ஒயரைப் பிரிச்சு ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியா டேப் சுத்தினப்புறம்தான் மத்ததெல்லாம். முன்னாடி போன் லைன்லயே பிராட்பேண்ட் வந்துட்டு இருந்த வீடா இருந்தா போனையும் நெட்டையும் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் டப்பாவும் அங்கதான் தொங்கிட்டு இருக்கும், அதுக்கு இனிமே வேலை இல்ல, கழட்டிடுங்க.

வெளி ஒயரைக் கழட்டியும் டோன் சரியா வரல. அப்பா மல்டிமீட்டரைக் கொண்டுவரச் சொன்னார். பாக்ஸ்ல மட்டும் வச்சுப் பார்த்தா 48 வோல்ட், டிசி. சுவர் ஒயரைச் சேத்துப் பார்த்தா 20ஐத் தாண்டல. அதாவது வீட்டுக்குள்ளயே எங்கயோ ரெண்டு கம்பிக்கும் நடுவுல கரன்ட் கசியுது, பாக்ஸ் யாரோ போனை எடுத்துட்டாங்கன்னு நினைச்சு அரைகுறையா முழிக்குது. ஒவ்வொரு கிளையா கழட்டிப் பார்த்தோம். ஹால் கிளை நல்லா இருந்துச்சு. சமையல்கட்டு கிளையைக் கழட்டினதும் மீட்டர் சட்டுனு 47க்கு ஏறிடுச்சு.

அந்த ரோசெட்டைத் திறந்து பார்த்தா, ஐயோ. தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும் எத்தனை வருஷமா போயிருக்கோ, ஸ்க்ரூ ரெண்டுலயும் பச்சை பச்சையா களிம்பு ஏறி, நடுவுல ஒரு கரப்பான்பூச்சி முட்டை வேற ஒட்டிக்கிட்டு இருக்கு. களிம்பு ரெண்டு ஸ்க்ரூவுக்கும் பாலம் போட்ட மாதிரி படர்ந்திருந்துச்சு. 60 ரூபாய்க்கு புது ரோசெட், கம்பியை அரை இஞ்ச் வெட்டிட்டு பளபளன்னு சுரண்டி மாட்டினா போதும், அவ்ளோதான். நல்லவேளையா உள்ள ரெண்டு ஜோடி கம்பி இருந்துச்சு, வெள்ளை-நீலம், வெள்ளை-ஆரஞ்சு, நீலம் வெட்டி வெட்டி குட்டையாயிட்டா ஆரஞ்சை எடுத்துக்கலாம்.

அங்கதான் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். பாக்ஸ்லேருந்து ஒயரைப் பிடுங்காமலே, 48 வோல்ட்தானே என்ன பண்ணும்னு, கம்பியை வெறும் கையால முறுக்கிட்டு இருக்கேன், சரியா அந்த நேரம் பார்த்து சித்தி சேலத்துலேருந்து போன் பண்றாங்க. மணி அடிக்கும்போது லைன்ல வர்றது ஏசி, 75 வோல்ட் பக்கத்துல. முழங்கை வரைக்கும் சுரீர்னு இழுத்துச்சு, ஸ்க்ரூடிரைவர் குக்கர் மேல போய் விழுந்துச்சு. ஹால்லேருந்து அப்பா, "பரவால்லம்மா, ரிங் நல்லா வருது!"

ரிங் அவ்ளோ நல்லாவும் வரல. ஹால் போனும் சமையல்கட்டு போனும் உள்ள நிஜ மணி இருக்கிற போன், எலக்ட்ரானிக் போன் மாதிரி கத்துறது இல்ல, சின்னச் சுத்தியல் தட்டணும், அதுக்குத் தெம்பு வேணும். எக்ஸ்சேஞ்ச் நாலஞ்சு மணியை அசால்ட்டா அடிக்கும். இந்தக் குட்டி பாக்ஸ் மூணு போனையும் சேத்து அடிக்கும்போது கிணுக் கிணுக்னு ஜுரம் வந்த மாதிரி அடிச்சுது. சமையல்கட்டு போன்ல மணிக்குப் போற கம்பியை மட்டும் கழட்டிட்டோம், ஹால் மணி அடிச்சா அடுப்படிக்குக் கேக்கும்தான். இப்ப ஹால்ல கணீர்னு அடிக்குது.

டயல்தான் ஒத்து வரல. டயல் போன் ஒவ்வொரு நம்பருக்கும் லைனைத் துண்டிச்சுத் துண்டிச்சு சேக்கும், 1க்கு ஒரு தடவை, 0க்கு 10 தடவை. எங்க பாக்ஸுக்கு அந்த பாஷை தெரியாது, பட்டன் சத்தம் மட்டும்தான் புரியும். சின்ன வயசுல அப்பா அந்த டயல்ல குட்டிப் பூட்டு போட்டு வச்சிருப்பார், நானும் அண்ணனும் ரிசீவர் வைக்கிற கட்டையையே டக்கு டக்குனு தட்டி ஃப்ரெண்ட்ஸுக்கு போன் பண்ணுவோம், அதுவும் இதே தத்துவம்தான். இதை இத்தனை வருஷம் கழிச்சு அவர்கிட்ட ஒத்துக்கிட்டேன். "தெரியும், பில்லு யார் கட்டினதுன்னு நினைச்சே"ன்னார். இப்போதைக்கு வர்ற கால் எல்லாம் கறுப்பு போன்ல, பண்றது பக்கத்துல வச்சிருக்கிற பட்டன் போன்ல.

கரன்ட் விஷயம் ஒண்ணு பாக்கி. பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியே கரன்ட் குடுக்கும், வீடே இருட்டா இருந்தாலும் போன் பேசும். இப்ப பாக்ஸ் அணைஞ்சா போன் காலி. 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு வாங்கி மாட்டினேன், மூணு மணி நேரம் தாங்குது. ஆனாலும் ஒவ்வொரு தடவை கரன்ட் போனதும் அப்பா முதல்ல ரிசீவரை எடுத்து டோன் இருக்கான்னு காதுல வச்சுப் பார்க்கிறார், அப்புறம்தான் மெழுகுவர்த்தி தேடுறது.

கழட்டின ட்ராப் ஒயரை அப்படியே விட்டா கோடை மழைக்கு இடி இறங்கினா வம்புன்னு கம்பத்துப் பக்கமும் வெட்டச் சொல்லி ஆள் வந்து வெட்டிட்டாங்க. மிச்சம் இருந்த நீளத்தைச் சுருட்டி பழைய இரும்புக்காரனுக்குப் போடலாம்னு வச்சிருந்தேன். உள்ள இரும்புக் கம்பி, நல்லா உறுதியா இருக்குன்னு அம்மா அதை மொட்டை மாடியில கட்டி துணி காயப்போட ஆரம்பிச்சுட்டாங்க.