காரின் மூளை கைத்தொலைபேசியிலேயே இருக்கட்டும்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று வீதிகளில் ஓடும் கார்களில் பல, ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய பின்னர் இங்கு வந்தவை. என் மச்சான் அண்மையில் வாங்கிய டொயோட்டா அக்குவாவும் அத்தகையதே. அதன் முன்பலகையில் பாடலும் வரைபடமும் தரும் செட்டின் எழுத்துகள் யாவும் ஜப்பானிய மொழியில் இருக்கின்றன. வரைபடம் ஜப்பானுக்கு வெளியே எதையும் அறியாது. வானொலி 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரையே பிடிப்பதால், 108 வரை பரந்துள்ள நமது எஃப்.எம். அலைவரிசைகளில் பெரும்பகுதி அதற்கு எட்டுவதில்லை. அதைக் கழற்றிவிட்டு, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெரிய அண்ட்ராய்டு திரையைப் பொருத்தலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம், கைத்தொலைபேசியைக் காரின் திரையோடு இணைக்கும் அண்ட்ராய்டு ஓட்டோவும் ஆப்பிள் கார்ப்ளேயும் உள்ள செட்டை, திரை சிறியதானாலும், வாங்குங்கள் என்றேன்.

அண்ட்ராய்டு திரை என்பது காருக்குள் பொருத்தப்படும் ஒரு தனிக் கணினி. அதன் நினைவகமும் புரோசெசரும் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்க, செயலிகள் ஆண்டுதோறும் கனத்துக்கொண்டே போவதால், அது மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். 2014இல் அறிவிக்கப்பட்ட கார்ப்ளேயும் அண்ட்ராய்டு ஓட்டோவும் வேறு வழியில் இயங்குகின்றன. வரைபடம், பாடல், அழைப்பு எல்லாமே கைத்தொலைபேசியிலேயே நடக்கும். அது தயாரிக்கும் காட்சி காணொளியாகக் காரின் திரைக்குச் செல்லும். நாம் திரையைத் தொடும் இடம் திரும்பிக் கைத்தொலைபேசிக்கு வரும். ஆகவே கைத்தொலைபேசியை மாற்றும்போதெல்லாம் காரும் புதுப்பிக்கப்படுகிறது. 2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்த நாட்டில், ஒரு காரைப் பதினைந்து, இருபது ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய நமக்கு இதுவே பெரிய காரணம். காருக்குள் பதித்த இணைய இணைப்பு எப்படி முதுமையடையும் என்பதற்கு அமெரிக்காவே சான்று: 2022இல் அங்கு 3ஜி வலையமைப்புகள் நிறுத்தப்பட்டபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பல கார்களில் அவசர உதவி அழைப்பு உட்பட இணைய வசதிகள் செயலற்றுப் போயின.

வயரில்லா இணைப்பைப் பலர் விரும்புகிறார்கள். அண்ட்ராய்டில் அந்த இணைப்பு புளூடூத் வழியே தொடங்கி, பிறகு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறும். அண்ட்ராய்டு 11 முதல் அந்த வைஃபை வசதியுள்ள கைத்தொலைபேசிகளில் கிடைக்கிறது. ஆனால் நம் ஊர் வெயிலில், வைஃபையும் ஜிபிஎஸ்ஸும் ஓயாமல் இயங்க, வயரில்லாச் சார்ஜும் சேர்ந்தால், கைத்தொலைபேசி சூடேறிச் சார்ஜ் ஏறுவதையே நிறுத்திவிடக்கூடும். கொழும்புக்குப் போகும் நீண்ட பயணங்களுக்கு நல்ல யூஎஸ்பி வயரே நம்பகமானது என்பது என் உறுதியான கருத்து.

மற்றொன்று வரைபடம். வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, மின்னேரியா எனச் செல்லும் வழியிலும், அம்பாறையிலிருந்து மகாஓயா வழியாகப் போகும்போதும் காட்டுப்பகுதிகளில் டேட்டா மெலியக்கூடும். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை, வரைபடத்துக்கே தேவை. புறப்படுமுன் வீட்டு வைஃபையில் கூகுள் வரைபடத்தின் அப்பகுதிகளைத் தரவிறக்கிக்கொண்டால் வழி தவறாது. யானைகள் குறுக்கிடும் அவ்வீதிகளில் இரவில் கைத்தொலைபேசியை மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பது உயிருக்கே ஆபத்து. கையில் பிடித்தபடி ஓட்டுவது சட்டப்படியும் குற்றம்.

பொருத்துபவரிடம் இரண்டு விடயங்களைக் கேட்டுத் தெளியுங்கள். ஸ்டியரிங்கிலுள்ள பொத்தான்களும் ரிவர்ஸ் கமராவும் புதிய செட்டுடன் தொடர்ந்து இயங்குமா? காரின் வயர்களை வெட்டி ஒட்டாமல், அந்த வகைக் காருக்குரிய சொக்கெட்டைக் கொண்டே இணைப்பாரா? வெட்டி ஒட்டித்தான் ஆக வேண்டும் என்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். பழைய செட்டையும் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். முன்னைய உரிமையாளர் புளூடூத்தில் இணைத்த பெயர்களும் இலக்கங்களும் அதன் நினைவில் இன்னும் இருக்கக்கூடும் என்பதால், அவற்றை அழித்துவிட்டே எடுத்து வையுங்கள்.