அம்மா அறையின் சுவர் ஏன் கொதித்தது

திருச்சி உறையூரில் எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் பக்கத்து மொட்டை மாடியில் செல்போன் டவர் வந்ததிலிருந்து, அந்தப் பக்கத்து அறையில் அம்மாவால் படுக்க முடியவில்லை. "சுவரைத் தொட்டுப் பாரு, கொதிக்குது. டவர் கதிர் உடம்புக்குள்ள போகுதுடா" என்பார். தொட்டுப் பார்த்தேன். இரவு பத்து மணிக்கும் சூடுதான்.

2019 அக்கினி நட்சத்திரத்தில் பொறுக்க முடியாமல் தரங் சஞ்சார் தளத்தைத் திறந்தேன். மத்திய தொலைத்தொடர்புத் துறையுடையது. 4,000 ரூபாயும் வரியும் கட்டினால் நம் இடத்துக்கே வந்து கதிர்வீச்சை அளப்பார்கள். தொகை பெரிதுதான், ஆனால் அம்மாவின் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கட்டிவிட்டேன்.

மூன்றாவது வாரம் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். முக்காலியில் கருவியை நிறுத்தி அறையில், வாசலில், மாடியில் என்று பொறுமையாக அளந்தார்கள். ஆன்டெனாவின் அலை கிடைவாக்கில், லேசாகக் கீழே சாய்ந்து பரவுகிறது. நேர் கீழே இருப்பவர்களுக்கு வருவது குறைவு, அதே உயரத்தில் எதிரே இருக்கும் மாடியைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும் என்றார் ஒருவர். எங்கள் வீட்டில் அதிகம் காட்டியது மாடிதான். அதுவும் வரம்பில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா வைத்திருந்த வரம்பு, ஐசிஎன்ஐஆர்பி என்ற சர்வதேச அமைப்பு சொன்னதில் பத்தில் ஒரு பங்கு: 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800-இல் 0.9 வாட். உச்சி வெயில் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1,000 வாட் கொட்டுகிறது. இவ்வளவு சின்ன அலை சுவரைச் சூடாக்க வழியே இல்லை.

அப்படியானால் அம்மா உணர்ந்த வெக்கை?

கிளம்பும்போது அந்த அதிகாரி டவருக்குக் கீழிருந்த கேபினைக் காட்டினார். ஒரு அலைவரிசைக்கு ஆன்டெனாவுக்குப் போவது 20 வாட் அளவுதான். ஆனால் கருவிகள் எல்லாம் சேர்ந்து இரவும் பகலும் இழுப்பது கிலோவாட் கணக்கில். மீதி அத்தனையும் வெப்பம். அதைக் கேபினுக்குள்ளிருந்து ஏசி உறிஞ்சி, தன் மோட்டார் சூட்டையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. அந்த ஏசியின் அவுட்டோர் யூனிட், மூன்றடி தள்ளி, எங்கள் சுவரைப் பார்த்தபடி இருந்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் சூடும் சேர்ந்துகொள்ளும். அம்மா சொன்ன சூடு பொய்யே இல்லை. இத்தனை நாள் நான்தான் சரியாகக் காது கொடுக்கவில்லை.

டவர் வாசல் பலகையில் இருந்த முகவரிக்கு எழுதினேன். கதிர்வீச்சு சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. அடுத்த கடிதத்தில் கதிர்வீச்சு என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். சாதாரண வெப்பமானி வைத்து ஒரு வாரம் இரவு ஒன்பது மணிக்கு எடுத்த கணக்கை இணைத்தேன்: அம்மா அறை 37 டிகிரி, எதிர்ப்பக்க அறை 33. யூனிட்டும் சுவரும் ஒன்றாகத் தெரியும் படங்களையும் வைத்தேன். உங்களுக்கும் இந்த நிலைமை என்றால் முதல் கடிதத்திலேயே இதைச் செய்துவிடுங்கள், இரண்டு மாதம் மிச்சமாகும். பக்கத்து வீட்டு அண்ணனும் எங்களுக்காகப் பேசினார்.

ஆகஸ்டில் யூனிட்டைத் தெருப் பக்கம் திருப்பி வைத்தார்கள். அம்மா பாயை எடுத்துக்கொண்டு பழைய அறைக்கே போய்விட்டார். அப்புறம் ஜெனரேட்டர் புகைக்காக அடுத்த கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.