உளவியல் ஆய்வில் உதவியாளராகிக் கிரெடிட் பெற விரும்பும் மாணவர்களுக்கு

வேலூரில் இளங்கலை உளவியல் படித்தபோது, பேராசிரியர் ஒருவரின் ஆய்வில் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) பெற்றேன். குடியாத்தம் பகுதியில் நெசவும் பீடி சுற்றும் வேலையும் செய்யும் பெண்களின் உறக்கத்தையும் நினைவாற்றலையும் பற்றிய ஆய்வு அது.

சேருவதற்கு முன் மணிக்கணக்கை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பின்படி, வகுப்புப் பாடத்தில் 15 மணி நேரத்துக்குக் கிடைக்கும் ஒரு கிரெடிட்டுக்குக் களப்பணியில் 30 மணி நேரம் உழைக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் எல்லாம் இதையே பின்பற்றுவதில்லை என்பதால், உங்கள் பணி எந்தத் தாளின் கீழ் வரும், வருகைப் பதிவில் யார் கையெழுத்திடுவார் என்பதைப் பருவம் தொடங்கும்போதே துறைத் தலைவரிடம் கேட்டுவிடுவது நல்லது. எங்களுக்குப் பேருந்துப் பயண நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது நியாயம் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

களத்தில் முதல் வேலை ஒப்புதல் பெறுவது. பங்கேற்பவர் எந்த நேரத்திலும் எந்த இழப்புமின்றி விலகலாம் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும்போது, மருமகளிடம் கேட்ட கேள்விக்கு மாமியார், “அவளுக்கு இன்னா தெரியும், நான் சொல்றேன், எழுதிக்கமா” என்று முந்திக்கொள்வார். அவரைப் புண்படுத்தாமல், அவருடன் வேறு பேச்சுத் தொடங்க ஒருவரும் கேள்வி கேட்க ஒருவருமாக இருவர் செல்வதே எங்களுக்குப் பயன்பட்டது.

நாம் வாசிக்கும் எண்களைக் கேட்பவர் அதே வரிசையில் திருப்பிச் சொல்லும் எண் வரிசை நினைவுச் சோதனை பார்ப்பதற்கு எளிது. ஆனால் உதவியாளரின் ஒழுங்கு முழுவதும் அதில்தான் வெளிப்படும். விநாடிக்கு ஒரு எண் என்ற வேகத்தில், ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசிக்க வேண்டும். செல்பேசி எண்ணைச் சொல்வதுபோல் இரண்டிரண்டாகச் சேர்த்து வாசித்தால், கேட்பவருக்கு நினைவில் வைப்பது எளிதாகி, மதிப்பெண் உயர்ந்துவிடும். பக்கத்து வீட்டில் தறி ஓடினால் அது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்; இயலாவிட்டால், சத்தம் இருந்தது என்று படிவத்தின் ஓரத்தில் குறிக்க வேண்டும். பாவம் பார்த்து ஒரே வரிசையை மறுமுறை வாசிக்கக் கூடாது.

தரவுப் பதிவு சலிப்பூட்டும் வேலைதான், மறுக்கவில்லை. இருந்தாலும் உறக்கக் குறையை அளக்கும் படிவத்தில் “நான் நன்றாக உறங்குகிறேன்” போன்று மாறாகப் பொருள்படும் எதிர்த்திசைக் கூற்றுகளுக்கு, ஒன்று முதல் ஐந்து வரையிலான அளவுகோலில் விடையை ஆறிலிருந்து கழித்து மாற்ற வேண்டும் என்பது எனக்கு வகுப்பில் அன்றி அங்கேதான் மனத்தில் பதிந்தது. பெயர்களுக்குப் பதில் குறியீட்டு எண்ணை மட்டும் பதியுங்கள். பெயர்ப் பட்டியல் பேராசிரியரின் பூட்டிய அலமாரியில் தனியாக இருக்கட்டும்.

கட்டுரையில் உங்கள் பெயர் ஆசிரியராக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். தரவு திரட்டியதற்கு நன்றியுரையில் இடம் கிடைப்பதே வழக்கம். அதைவிட, என்னென்ன பணிகளை எத்தனை மணி நேரம் செய்தீர்கள் என்று விரிவாகக் குறிப்பிடும் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். முதுகலைச் சேர்க்கை நேர்காணலில் என்னிடம் அதைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார்கள்.