எஸ்டிஏ என்பது எந்த வன்தட்டு?

லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் வன்தட்டுகள் கண்டறியப்பட்ட வரிசையில் கொடுக்கப்படுகின்றன. தட்டைப் பற்றிய தகவல் எதுவும் அவற்றில் இல்லை. இம்முறை முதலில் பதிலளித்தது எது என்பது மட்டுமே இருக்கிறது. ஒரு கேபிளில் இரண்டு தட்டுகளைக் கோர்த்த பழைய ஐடிஈ இணைப்புக் காலத்தில் முதல் கேபிளின் மாஸ்டர் (முதல் தட்டு) எச்டிஏ, ஸ்லேவ் (இரண்டாம் தட்டு) எச்டிபி, இரண்டாம் கேபிளின் மாஸ்டர் எச்டிசி என்று பெயர் இடத்தோடு கட்டுண்டிருந்ததால், நடுவில் ஒன்றைக் கழற்றினாலும் மற்றவற்றின் பெயர் மாறவில்லை. ஸ்கசி என்ற வேறோர் இணைப்பு வகையின் எண்ணுமுறையே, ஐடிஈக்குப் பின் வந்த சாட்டா தட்டுகளுக்கும் யூஎஸ்பி தட்டுகளுக்கும் பொதுவானபோது அந்த உறுதி போயிற்று. நேரத்தை மிச்சப்படுத்தப் பல கருவிகளை ஒரே சமயத்தில் தேடும் கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி), யாரும் கை வைக்காத கணினியிலேயே அடுத்த பூட்டில் எஸ்டிஏவும் எஸ்டிபியும் மாறி வரக்கூடும்.

பெயருக்கு அடியில் இருக்கும் எண்களைப் பிடித்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் உதவாது. மேஜர் எண் எந்த டிரைவர் என்பதையும், மைனர் எண் அந்த டிரைவரின் எத்தனையாவது கருவி என்பதையும் சொல்கின்றன. முதல் 16 எஸ்டி தட்டுகளுக்கு மேஜர் எண் 8. ஒரு தட்டுக்கு 16 மைனர் எண்கள், அவற்றில் ஒன்று முழுத் தட்டுக்கு, மீதி 15 அதன் பார்ட்டிஷன்களுக்கு (பிரிவுகளுக்கு). ஆனால் எத்தனையாவது கருவி என்பதும் வரிசையைப் பொறுத்ததே.

கெர்னலின் 2.4 பதிப்பில் டெவ்எஃப்எஸ் என்ற பகுதி பெயரிடும் வேலையைக் கெர்னலுக்குள்ளேயே செய்ய முயன்றது. 2003இல் கெர்னல் உருவாக்குநர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய யூடெவ் என்ற நிரல் அதை வெளியே கொண்டுவந்து, பயனர் எழுதும் விதிகளிடம் ஒப்படைத்தது; 2.6.18இல் டெவ்எஃப்எஸ் முற்றிலும் நீக்கப்பட்டது. யூடெவின் பெரிய நன்மை, ஒரே தட்டுக்குப் பல பெயர்களைத் தருவது: பை-ஐடி மாடலையும் சீரியல் எண்ணையும் கொண்டது, பை-பாத் செருகிய இடத்தைக் கொண்டது, பை-யூயூஐடியும் பை-லேபிளும் தட்டின் உள்ளே எழுதப்பட்ட அடையாள எண்ணையும் பெயரையும் கொண்டவை.

இவற்றில் எது நல்லது என்ற கேள்வியைவிட, அந்தத் தட்டு பழுதாகி வேறொன்றை வைத்தால் பெயர் யாரிடம் போக வேண்டும் என்று கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து. சர்வரின் மூன்றாம் அறையில் இருக்கும் தட்டை மாற்றும்போது புதிய தட்டும் அதே பெயரை ஏற்க வேண்டுமென்றால் பை-பாத் பொருந்தும். எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ரூட் (அடிப்படைப்) பார்ட்டிஷனைக் குறிக்க, வேறு துளைக்கு மாற்றினாலும் கூடவே போகும் யூயூஐடி பொருந்தும். மாற்றி மாற்றிச் செருகும் இரண்டு பேக்கப் தட்டுகளுக்கு வேண்டுமென்றே ஒரே லேபிளை வைக்கலாம். எது இணைந்திருக்கிறதோ அதில் நகல் விழும். யூயூஐடியிலும் ஓர் ஓட்டை உண்டு: டிடி கட்டளையால் தட்டை அப்படியே நகலெடுத்தால் அதுவும் நகலாகிவிடும். மூலமும் நகலும் ஒரே கணினியில் இருக்கும்போது எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இரண்டாவதை மவுன்ட் செய்ய (இணைத்துத் திறக்க) மறுத்துவிடும், அது நல்லது. பிடிஆர்எஃப்எஸ் என்ற மற்றொரு கோப்பு முறைமை இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடும்.

நெட்வொர்க் கார்டுகளின் கதை இன்னும் சிக்கலானது. யூடெவ் முதலில் ஒவ்வொரு கார்டின் மேக் முகவரியையும் (கார்டுக்கு உரிய அடையாள எண்) ஒரு விதிக் கோப்பில் எழுதி ஈத்0 என்று நிலைநிறுத்தியது. ஈத்0 பழைய முகவரிக்கே ஒதுக்கப்பட்டிருந்ததால், மதர்போர்டை மாற்றிய கணினிகளிலும் நகலெடுத்த மெய்நிகர் கணினிகளிலும் ஈத்0 காணாமல் போய் ஈத்1 முளைத்தது. 2013 ஜனவரியில் வந்த, யூடெவையும் உள்ளடக்கிய சிஸ்டம்டி தொகுப்பின் 197ஆம் பதிப்பு இம்முறையைக் கைவிட்டு, இஎன்ஓ1, இஎன்பி3எஸ்0 போன்ற இடம்சார்ந்த பெயர்களைக் கொண்டுவந்தது. இஎன்பி3எஸ்0 என்றால் மூன்றாம் பிசிஐ பஸ் (கார்டுகள் இணையும் தடம்), பூஜ்ஜிய ஸ்லாட். ஆனால் பஸ் எண்ணே ஒவ்வொரு பூட்டிலும் எண்ணிக் கொடுக்கப்படுவது. ஒரு கிராஃபிக்ஸ் கார்டையோ என்விஎம்இ தட்டையோ கூடுதலாகச் செருகினால் மூன்று நான்காகி, தொலைவிலிருந்து மட்டுமே அணுகக்கூடிய சர்வர் தொடர்பற்றுப் போகலாம். பெயரிடும் விதிகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறியதால், எந்தப் பதிப்பின் விதி வேண்டும் என்று சொல்லும் வசதியைப் பின்னர் சிஸ்டம்டியிலேயே சேர்க்க வேண்டி வந்தது!

ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட நெட்வொர்க் கார்டுகள் இருக்கும் கணினியில் சிஸ்டம்டி படிக்கும் லிங்க் கோப்பு ஒன்றை எழுதி, மேக் முகவரியைக் கொண்டு வான்0, லான்0 என்று நானே பெயரிட்டுவிடுகிறேன். ஈத்0 என்றே வைக்கக் கூடாது. கெர்னல் அதே பெயரை அதே நேரத்தில் வேறொரு கார்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

எந்த முறையும் முழுமையாகக் கைகொடுக்காத இடம் மலிவான யூஎஸ்பி சீரியல் அடாப்டர். அவற்றில் இருக்கும் சிஎச்340 சிப்புகள் பெரும்பாலானவற்றில் சீரியல் எண்ணே கிடையாது. ஒரே வகையில் இரண்டைச் செருகினால் இரண்டும் பை-ஐடியில் ஒரே பெயரைக் கோரும். ஒன்றுக்குத்தான் அது கிடைக்கும். அங்கே பை-பாத்தை நம்பி, எந்தக் கருவி எந்தத் துளைக்கு என்று பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிட வேண்டியதுதான்.